சாந்தியின் தோட்டத்துக்கு நான் சொன்ன உரம்

தோட்டக்கலைத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். காய்கறித் தோட்டத்துக்குத் தழைச்சத்து கொடுக்க எது நல்லது சார், யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா, புண்ணாக்கா, எருவா? பயிற்சியில் இதற்கென்று ஒரு அட்டவணையே கொடுத்திருப்பார்கள். எந்த மண்ணுக்கு எது, எந்தப் பயிருக்கு எவ்வளவு, மழைக்கு முன்னாலா பின்னாலா, எல்லாம் அதில் இருக்கும். நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்பச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரிந்த நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என் மனைவிக்குக்கூட இதில் பாதிதான் தெரியும்.

முதலில் சிரிக்கக்கூடிய ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் கணியம்பாடிப் பக்கம் இருந்தேன். ஒரு விவசாயி வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல் போட்டிருந்தார். கொடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது, என்ன போடலாம் என்று கேட்டார். அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே வேரில் சேர்த்துக்கொள்ளும், மேலே அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும் என்பது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் 'ஒன்றும் போட வேண்டாம்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆபீசர் எதற்கு என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று, யூரியா போடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பந்தல் இருண்டு கிடக்கிறது, பேருக்கு ஒரு காய் இல்லை. அவர் என்னைப் பந்தலுக்கு அடியிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்து, "நெழலு நல்லா கீது சார்" என்றார்.

இதை எங்கள் அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என் மேலதிகாரியும் சிரித்தார். பிறகு தனியாக இருக்கும்போது மட்டும், "காய் போனா போவுது. சரியானது தெரிஞ்சும் வேற ஒண்ணைச் சொன்னே பாரு, அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். நான் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டேன். அந்த வயதில் யார் சொல்லி எது ஏறியது?

அப்புறம் பல வருடம் கழித்து ஜவ்வாது மலைக்குப் போட்டார்கள். காவலூரைத் தாண்டி, மண் சாலையில் போகும் ஒரு சின்ன ஊரில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் காய்கறித் தோட்டம் போடவைக்க வேண்டும். விதை நாங்கள் கொடுப்போம், உழைப்பு அவர்களுடையது. மலையில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர்கள், தக்காளியும் கத்தரியும் வாங்கக் கீழே இறங்க வேண்டாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தப் பத்தில் எனக்கு மிகவும் பிடித்த தோட்டம் சாந்தியுடையது. முப்பது வயது இருக்கும். கணவர் கேரளாவில் மிளகு பறிக்கும் வேலைக்குப் போய்விடுவார், பண்டிகைக்குத்தான் வருவார். இரண்டு பிள்ளைகளையும் நிலத்தையும் தனியாகப் பார்த்துக்கொண்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். நாற்றுக்கு நாற்று ஒரு முழம் விடு என்றால், முழங்கையை மண்ணில் வைத்து அளந்து நடுவாள். இப்படி ஒருத்தி கிடைத்தால் நமக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். எனக்கும் வந்தது.

அந்த வருடம் ஆனியில் மழை கொஞ்சம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. சரிவான நிலம். போட்ட சத்தையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போய், சாந்தியின் தோட்டத்தில் கத்தரியும் தக்காளியும் அடியிலைகள் மஞ்சளித்து நின்றன. அந்த நேரம் பார்த்து, பெரிய அதிகாரி ஒருவர் தோட்டங்களைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. பத்து நாள்தான் இருந்தது. எந்தத் தோட்டத்தைக் காட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சள் இலையோடு எப்படிக் காட்டுவது என்பதுதான் கவலை.

சாந்தி என்னிடம் கேட்டாள், பட்டியில் ஆட்டெரு குவிந்து கிடக்கிறது, மக்கியும் இருக்கிறது, அதைப் போட்டால் போதாதா என்று. போதும். சரிவு நிலத்துக்கு, மழைக்காலத்தில், வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட நல்லது இல்லை. கூட ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் அது மெதுவாகத்தான் வேலை செய்யும். இலை பச்சை பிடிக்க மூன்று வாரம் ஒரு மாதம் ஆகும். எனக்கு இருந்தது பத்து நாள். யூரியா என்றால் நான்கைந்து நாளில் பச்சை ஏறிவிடும்.

"ஆட்டெரு அப்புறம் போட்டுக்கலாம்மா, இப்போதைக்கு யூரியா குடுக்கறேன்" என்றேன். அவள் சரி என்றாள். செடிக்காக அல்ல, எனக்காக நான் தேர்ந்தெடுத்த உரம் அது. இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.

நானே என் வண்டியில் கட்டிக் கொண்டுபோனேன். வழியில் தூறல் பிடித்து, பை நனைந்து, மறுநாள் பார்த்தால் யூரியா பாறையாக இறுகிக் கிடக்கிறது. தூவ முடியாது. அதனால் ஒரு குண்டானில் தண்ணீர் விட்டு ஊறப் போடச் சொன்னேன். கரைந்ததை இன்னும் தண்ணீர் கலந்து, தண்டில் படாமல் செடியைச் சுற்றி ஊற்ற வேண்டும். எவ்வளவு என்று செய்து காட்டினேன். கடைசியாக, எல்லா ஊரிலும் சொல்வதையே அங்கேயும் சொன்னேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலை முடிந்ததும் குண்டானைச் சொட்டு இல்லாமல் நன்றாகக் கழுவி வைத்துவிடு.

கீழே சமவெளியில் இதைச் சொன்னால் கழுவிச் சாக்கடையில் ஊற்றுவார்கள். அந்த மலை ஊரில் சாக்கடை ஏது? ஊற்று ஒரு கிலோமீட்டர் இறக்கத்தில் இருந்தது. குடம் குடமாகத் தலையில் சுமந்து மேலே ஏற வேண்டும். அதனால் அங்கே ஒரு வாய்த் தண்ணீரையும் யாரும் கீழே கொட்ட மாட்டார்கள். அரிசி களைந்தது, பானை கழுவியது, கை கழுவியது எல்லாமே வாசலில் இருக்கும் கழனித் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. எத்தனையோ தடவை அந்தத் தொட்டியில் என் கையையே கழுவியிருக்கிறேன். என் கையைப் பிடித்துத் தொட்டிக்கு மேலே நகர்த்தி, "இங்க கழுவுங்க சார்" என்று சாந்தியின் பெரிய பெண் சிரித்ததும் நினைவிருக்கிறது. இருந்தும், கழுவி வை என்று சொன்னபோது அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும், அப்போதுதான் நடந்தது புரியும். அந்த ஊரில் இரண்டு எருது வைத்திருக்கும் வீடு குறைவு. இரண்டு பங்காளி வீடுகள் ஆளுக்கு ஒரு எருது வைத்து, ஒரே ஏரில் பூட்டி, இரண்டு வீட்டு நிலத்தையும் உழுதுகொள்வார்கள். ஜோடி ஒரு வாரம் இந்த வீட்டில் கட்டியிருக்கும், ஒரு வாரம் அந்த வீட்டில். சாந்தியின் எருது செவலை. பங்காளி கோவிந்தனுடையது சாம்பல் நிற மயிலை. சாமை விதைப்புக்கு உழவு நடந்துகொண்டிருந்த அந்த வாரம் ஜோடி சாந்தியின் வீட்டில் இருந்தது.

யூரியா ஊற்றிய அன்று மத்தியானம், எப்படி ஊற்றியிருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். வாசலில் கோவிந்தன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். காலை முழுக்க உழுது வந்த எருதுகள் தாகத்தில் தொட்டித் தண்ணீரை உறிஞ்சி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மயிலை கால் மடங்க மடங்க நின்றது, இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டு வந்தது. செவலைக்கு உடம்பு நடுங்கி வாயில் எச்சில் ஒழுகியது. தொட்டியை எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் குண்டான், பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் கரையாமல் தங்கிய இரண்டு மூன்று பிடிக் கட்டியும் கழுவின தண்ணீரோடு தொட்டிக்குப் போயிருக்கிறது.

அங்கே போனில் சிக்னல் எடுக்காது. சாலை மேட்டுக்கு வண்டியை விரட்டிப் போய், அடிவாரத்தில் இருக்கும் கால்நடை டாக்டரைப் பிடித்தேன். புளிப்பு கொடுங்கள் என்றார். வினிகர் இல்லையென்றால் புளியைக் கெட்டியாகக் கரைத்து, பச்சைத் தண்ணீரோடு எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு. மெதுவாக ஊற்றுங்கள், நுரையீரலுக்குப் போனால் அதுவே கொன்றுவிடும். நான் மலை ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

புளிக்கு அந்த ஊரில் பஞ்சம் இல்லை. ஆளுக்குத்தான் பஞ்சம். நல்ல வயதுக்காரர்கள் எல்லாம் காட்டிலும் வெளியூரிலும் இருந்தார்கள். மருந்து ஊற்றும் மூங்கில் குழாய் ஒன்றுதான் கிடைத்தது. ஒரு எருதின் தலையைத் தூக்கிப் பிடிக்கவே நானும் கோவிந்தனும் அவர் மனைவியும் வேண்டியிருந்தது, சாந்தி ஊற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு எருதுக்குத்தான் கொடுக்க முடியும்.

எதற்கு முதலில்? நான் மாட்டு டாக்டர் இல்லை, ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்தது. மயிலை ஏறக்குறைய முடிந்துபோன மாதிரி இருந்தது. செவலை இன்னும் தெம்பாக நின்றது, உடனே கொடுத்தால் பிழைத்துவிடும் என்று தோன்றியது. பிழைக்கக்கூடியதை முதலில் பார் என்பதுதான் புத்தி சொல்லும் வழி. செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். சாந்தி என் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினாள்.

"அவங்க மாட்டுக்கு மொதல்ல ஊத்துங்க சார்."

செவலைதான் பிழைக்கும்மா என்றேன்.

"எங்குளுது போனா எங்களோட போவுது சார். அவங்குளுது என் தொட்டில குடிச்சிட்டுப் போச்சுன்னா, நான் இந்த ஊர்ல இன்னான்னு சொல்லிக்கினு இருக்கறது?"

கோவிந்தன் மயிலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேசியிருக்க முடியாது. நானும் வாதாடவில்லை. வேறு நாளாக இருந்தால் அதட்டியிருப்பேன். அன்றைக்கு அந்த வாசலில் அதட்ட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மயிலையின் தலையைத் தூக்கினோம். சாந்தி கடைவாயில் குழாயை வைத்து மெதுவாக, ஒரு துளி சிந்தாமல், நான் செடிக்கு ஊற்றச் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தோடு ஊற்றினாள். ஒரு பானை, இரண்டு பானை. மூன்றாவது பானை கரைக்கும்போது பின்னால் செவலை விழுந்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரும்பி மயிலைக்கு ஊற்றினாள். செவலைக்கும் ஊற்றிப் பார்த்தோம். விழுங்கவில்லை.

டாக்டர் வந்தபோது மயிலை படுத்திருந்தாலும் மூச்சு சீராக இருந்தது. ஊசி போட்டு, வயிற்றைத் தட்டிப் பார்த்து, இது தேறிவிடும் என்றார். செத்துக் கிடந்த செவலையைப் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். யூரியா ஊறவைத்த குண்டானைக் கழுவித் தொட்டியில் ஊற்றிவிட்டேன் என்றாள் சாந்தி. டாக்டர் மலையேறி வந்த களைப்பில் அவளைத் திட்டினார். விஷம் மாதிரி அது, மாடு குடிக்கிற தொட்டியில் யாராவது ஊற்றுவார்களா, அறிவு வேண்டாமா என்று. நான் இரண்டடி தள்ளி நின்றேன். 'கழுவி வை என்று சொன்னது நான், அந்த உரத்தைக் கொண்டுவந்ததும் நான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. சாந்தி ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் ஊர்க்காரர்கள் கூடினார்கள். எனக்கு மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த உர உப்பையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னது யார் என்று ஒரு பெரியவர் சாந்தியைக் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நான்தான் வாங்கினேன், நான்தான் கழுவி ஊற்றினேன், என் புத்திகெட்டத்தனம் என்றாள் அவள். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. ஏர்க்கூட்டை இனி அந்த வீட்டோடு வைக்க வேண்டாம், கோவிந்தன் வேறு ஜோடி பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. கோவிந்தனுக்கு அதில் மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஊர் சொன்னால் சொன்னதுதான். அந்த வருடம் சாந்தி தன் நிலத்தை மண்வெட்டியால் கொத்தித்தான் சாமை விதைத்தாள். பாதி நிலம் தரிசாகக் கிடந்தது.

அன்று நான் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த முடிவு மாறியிருக்கும். ஆபீசர் தப்பு என்று ஊர் என்னைப் பேசியிருக்கும், அவளை விட்டிருக்கும். மேலே புகார் போயிருக்கும், என்னை விசாரித்திருப்பார்கள். அவ்வளவுதானே. அந்த அவ்வளவுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பெரிய அதிகாரி சொன்ன நாளில் வந்தார். சாந்தியின் தோட்டம் கரும்பச்சையாக நின்றது. குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்து, மலையில் இப்படி ஒரு தோட்டமா என்று வியந்தார். அவளையும் என்னையும் செடிகளுக்கு நடுவே நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தார்கள். என்ன உரம் போட்டாய் என்று அவர் கேட்டதற்கு, சாந்தி எத்தனை மில்லி, எத்தனை செடி என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒப்பித்தாள். வாசலில் காலியாக இருந்த கட்டுத்தறியை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் படம் எங்கள் அலுவலகச் சுவரில் ரொம்ப நாள் ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனாலும் சாந்தி வீட்டுத் தெருவுக்குள் நுழைய மாட்டேன். ஐந்து மாதத்தில், முழங்கால் வலி, மலையேற்றம் முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துப் போளூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், போளூர் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. "நல்லா கீறீங்களா சார்" என்று அவள்தான் முதலில் கேட்டாள். மலைக்குப் பேருந்து வர நேரம் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்ததை அங்கே, அந்த இரைச்சலில் சொன்னேன். அன்றைக்குக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும் சாந்தி, தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு என்றேன். என் பேரை ஏன் சொல்லாமல் விட்டாய் என்றும் கேட்டேன். என் மேல் இருந்த மரியாதையால் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். கிழவன் ஆனாலும் அந்த ஆசை விடவில்லை.

"உங்க பேரு சொன்னா உங்கள வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு பயந்தேன் சார். எங்க ஊருக்கு வந்த ஆபீசருங்க எல்லாம் ஒரு வாட்டி வருவாங்க, போய்டுவாங்க. நீங்க ஒருத்தருதான் திரும்பித் திரும்பி வந்தீங்க. உங்களயும் தொரத்திட்டா அப்புறம் எவன் வருவான்னு வாய மூடிக்கினேன்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்களும் வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்குப் பின்னால் இரண்டு வருடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லையாம். பத்துத் தோட்டத்தில் ஒன்பது அழிந்துவிட்டன. அவளுடையது மட்டும் இருக்கிறது, ஆட்டெரு போடுகிறாள். பேருந்து வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, வர்றேன் சார் என்று ஏறிவிட்டாள்.

தோட்டத்துக்கு எது நல்ல உரம் என்று என்னைக் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் எவ்வளவு படித்தாலும் ஒரு நாள் தப்பாகச் சொல்லத்தான் போகிறீர்கள், ஒரு வீட்டில் ஏதோ ஒன்று அதனால் சாகத்தான் போகிறது. அன்றைக்கு நான்தான் சொன்னேன் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். சொல்ல வாய் வராவிட்டாலும், மறுநாள் அந்த ஊருக்குப் போங்கள். அதற்கடுத்த நாளும் போங்கள்.